மீட்டரில் 12.8 காட்டினால் பேட்டரி நிறைந்துவிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம். எடை குறைவு என்பதற்காகவே பைக்கில் லித்தியம் பேட்டரி மாட்டிக்கொண்டு ஏற்காடு ஏறுகிற இளைஞர்களை இப்போது சேலம் கோரிமேடு பக்கம் பார்க்கிறேன். நல்ல பேட்டரிதான். ஆனால் அதைப் பழைய ஈய பேட்டரியின் கணக்கில் பார்ப்பதால்தான் பாதி சிக்கலும் வருகிறது.

வண்டி நின்ற நிலையில் பேட்டரி முனையில் வோல்ட் மீட்டர் வைத்தால் ஈய பேட்டரிக்கு 12.6, 12.7 வோல்ட் என்றாலே முழு சார்ஜ். செல்ஃப் போட நாம் பயன்படுத்தும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. நான்கு செல்கள் சேர்ந்த அதற்கு முழு சார்ஜ் என்பது 13.3க்கு மேல். 12.8 காட்டினால் உள்ளே ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மெக்கானிக் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார். மறுநாள் செல்ஃப் எடுக்காது. இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அட்டையில் 12 ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். பல கம்பெனிகள் ஈய பேட்டரிக்கு இணையான எண்ணைத்தான் போடுகின்றன. உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இன்ஜினைக் கிளப்ப அது தாராளம். ஆனால் அலாரமோ ஜிபிஎஸ்ஸோ மாட்டிய வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் சீக்கிரம் வற்றிவிடும். ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஒருமுறை அடியோடு வற்றினால் செல் கெட்டுப்போகலாம்.

சார்ஜர் விஷயம் இன்னும் முக்கியம். ஈய பேட்டரி சார்ஜர் சிலவற்றில் சல்பேட் நீக்கும் 'ரிப்பேர்' முறை உண்டு. அதில் லித்தியத்தைப் போடவே கூடாது. லித்தியத்துக்கென்று உள்ள சார்ஜர் வாங்குங்கள். பழைய வண்டி என்றால் முதலில் ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 14.6 வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிய பிறகுதான் புது பேட்டரி.

மார்கழியில் ஏற்காட்டில் தங்குகிறவர்களுக்கு ஒன்று. காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பதறாதீர்கள். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிடுங்கள். மின்சாரம் ஓட ஓட செல் உள்ளுக்குள் சூடாகும், அப்புறம் நன்றாகவே எடுக்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்ற எச்சரிக்கை லடாக் போகிறவர்களுக்கு, நமக்கில்லை.

உப்பிப்போன பேட்டரிக்கு மட்டும் மறுபடி சார்ஜ் ஏற்றாதீர்கள். பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் லித்தியத்துக்கும் பொருந்தும். வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.