இரண்டாவது சிறுநீர்க் குப்பி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1827-ஆம் ஆண்டில் சிறுநீரக நோய் பற்றிய தம் ஆய்வுகளை வெளியிட்ட லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிச் சூடாக்கிப் பார்த்தவர். முட்டையின் வெண்கருவைப் போல அது வெளுத்துத் திரிந்தால், உடலில் தங்கவேண்டிய புரதம் வெளியே ஒழுகுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழிந்த பின்னும், நம் மருத்துவ முகாம்களில் அதிகம் விட்டுப்போகும் சோதனை அந்தச் சிறுநீர்ச் சோதனைதான். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம், கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்க்கிறோம். சிறுநீர் கேட்டால் மட்டும் மக்களுக்குக் கூச்சம், நமக்கோ கழிவறை தேடும் சிரமம்.

தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை இரத்தத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த எண் தசையின் அளவைப் பொறுத்து மாறுவது. டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம் என்ற ஒரே அளவு, 25 வயது ஆணுக்கும் 70 வயதுப் பெண்ணுக்கும் வருவதாக வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, அந்த இளைஞரின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லிலிட்டர். அந்த அம்மையாருடையது 54 மட்டுமே. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நிலைத்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆய்வக அறிக்கையோ இருவருக்கும் 'இயல்பு' என்றே அச்சிட்டிருக்கக்கூடும். ஆகவே கிரியாட்டினினோடு இந்தக் கணக்கும் வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதமும் வேண்டும். வடிகட்டும் திறன் குறையும் முன்பே அல்புமின் கசியத் தொடங்கிவிடலாம். அந்தக் கட்டத்தில் வலியும் இராது, வீக்கமும் பெரும்பாலும் இராது.

யாரைச் சோதிப்பது? நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை உள்ளவர்களையும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவர்களையும் முதலில் அழைக்கவேண்டும். கூட்டம் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்துவது, புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவே.

முதல் சோதனையில் அல்புமின் மிகுந்திருந்தால் உடனே நோய் என்று சொல்லிவிடலாகாது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் ஆகியவையும் அந்த அளவை உயர்த்தும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரை மற்றொரு நாள் சோதித்து, மூன்று மாதங்கள் கடந்தும் கசிவு நீடிக்கிறதா என்று பார்த்த பிறகே உறுதிசெய்ய வேண்டும். என் கணிப்பில் பெரும்பாலான முகாம்கள் தோற்பது இந்த இடைவெளியில்தான்: முதல் குப்பியை வாங்குகிறோம், இரண்டாவதை வாங்க ஆளில்லை.

வழிகாட்டும்போது நாம் சொல்வது சிலவாகவும் திட்டமாகவும் இருக்கட்டும். 'நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும்' என்ற அறிவுரையை விட்டுவிடலாம். நோய் முற்றியவர்களுக்கு அது கேடாகவும் முடியும். உலக சுகாதார அமைப்பு சொல்லும் உப்பின் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள். 'மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா' என்று பொதுவாகக் கேட்டால், வலி மாத்திரையை யாரும் மருந்தாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நோயைக் கண்டுபிடித்தும் செய்வதற்கொன்றுமில்லை என்ற காலம் போய்விட்டது. அல்புமின் கசிவைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. நீரிழிவுக்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் நோயின் வேகத்தைத் தணிக்கிறது என்பது 2020-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. இவற்றால் முழுப் பலன் கிடைப்பது முன்கூட்டியே தொடங்கினால்தான்.

எனவே அடுத்த முகாமின் பதிவேட்டில் பெயர், வயது, இரத்த அழுத்தம் ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள்: மறுசோதனைக்கான தேதி ஒன்று, அந்தத் தேதியில் அவரைத் தேடிப்போக ஒப்புக்கொண்ட தொண்டரின் பெயர் ஒன்று.