80 பல் பிளேடு பர்மா தேக்கைக் கருக்குவது ஏன்? டேபிள் ரம்பத்துக்கு எந்த பிளேடு?

[காட்சி: ஒரே தேக்குப் பலகையிலிருந்து நெடுக்காக அறுத்த இரண்டு சட்டங்கள், மேசைமேல் அருகருகே. கேமரா அறுத்த ஓரத்தை நெருங்கிக் காட்டுகிறது.]

வணக்கம். இந்த இரண்டு சட்டங்களும் ஒரே பர்மா தேக்குப் பலகையிலிருந்து, ஒரே டேபிள் ரம்பத்தில், அடுத்தடுத்து அறுக்கப்பட்டவை. இடப்பக்கம் இருப்பதன் ஓரம் நெடுகக் கருகிக் கிடக்கிறது. வலப்பக்கம் இருப்பதோ, இழைப்புளியை ஓரிரு முறை இழுத்தால் பசை தடவி ஒட்டிவிடலாம் என்னும் அளவுக்குச் சுத்தமாக, தேக்கின் பொன்னிறம் மாறாமல் இருக்கிறது. கருகியதை அறுத்தது புத்தம் புதிய 80 பல் பிளேடு. சுத்தமாக இருப்பதை அறுத்தது, அதைவிட விலை குறைந்த 24 பல் பிளேடு.

பல் கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை காரைக்குடிப் பட்டறைகளிலும் உண்டு, பிளேடு விற்கும் கடைகளிலும் உண்டு. அந்த நம்பிக்கையால் இந்த ஊரின் மிக அரிய மரம் வீணாகிறது என்பதால்தான் இந்த வீடியோவைச் செய்திருக்கிறேன். தச்சு வேலை செய்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவருக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

[காட்சி: மேசைமேல் நான்கு பிளேடுகள்.]

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டேபிள் ரம்பத்தில் பரவலாகப் பயன்படுவது 10 அங்குல, அதாவது 254 மில்லிமீட்டர் பிளேடு. எஃகுத் தட்டின் விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு நுனிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். பல்லின் எண்ணிக்கை, நுனியைத் தீட்டிய விதம், பல் முன்னோக்கிச் சாயும் கோணம், பற்களுக்கு இடையே உள்ள பள்ளம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு பிளேடு எந்த வேலைக்கு உரியது என்பதை முடிவு செய்கின்றன.

[காட்சி: பனையோலை ஒன்றை நகத்தால் நெடுக்காகக் கிழிக்கும் கை, பிறகு அதே ஓலையைக் குறுக்காகக் கத்தியால் நறுக்கும் கை.]

செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் முடைபவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஓலையை நெடுக்கே நகத்தால் கீறினாலே அது வரிவரியாகப் பிரிந்து வருகிறது. குறுக்கே வேண்டுமென்றால் கத்தியை எடுத்தே ஆக வேண்டும். மரமும் நெடுக்காக ஓடும் நார்களின் கட்டுதான். நார் ஓடும் திசையிலேயே அறுக்கும் நெடுக்கு வெட்டில், நாரைப் பெயர்த்து வெளியே தள்ளினால் போதும். அதற்கு உளியைப் போன்ற தட்டை நுனிப் பல் வேண்டும். நாருக்குக் குறுக்கே அறுக்கும்போது ஒவ்வொரு நாரையும் துண்டிக்க வேண்டியிருப்பதால், கத்தி முனையைப் போலச் சாய்த்துத் தீட்டிய பல் வேண்டும். கை ரம்பத்துக்குப் பல் வைத்த பழைய ஆசாரிமார் இந்த வேறுபாட்டை அறிந்தே அரத்தைப் பிடித்தார்கள். மோட்டார் வந்ததனால் மரத்தின் குணம் மாறிவிடவில்லை.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். பேனாவும் காகிதமும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு எழுதப்படுகிறது.]

ரம்பம் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுகிறது என்றும், பலகையை நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் என்பது 4000 மில்லிமீட்டர். ஆக, பிளேடு ஒருமுறை சுற்றி வருவதற்குள் மரம் சரியாக 1 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. அந்த 1 மில்லிமீட்டரைத்தான் பிளேடில் உள்ள எல்லாப் பற்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 24 பல் இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் 24இல் ஒரு பங்கு மில்லிமீட்டர் கிடைக்கிறது. 80 பல் இருந்தால் 80இல் ஒரு பங்கு மட்டுமே. 24 பல் பிளேடின் ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கடித்துச் சீவலாக எடுத்துச் செல்கிறது. 80 பல் பிளேடின் பல்லுக்கோ கடிக்கப் போதிய மரம் இல்லாததால், அது கடிப்பதைவிட அதிகமாகத் தேய்த்துக்கொண்டே போகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று என்னும்போது பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓயாமல் தேய்த்தால் மரம் கருகாமல் என்ன செய்யும்?

கருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுக்கு வெட்டில் வரும் சீவல் நீளமானது. மரத்தைவிட்டு வெளியேறும்வரை அது பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில்தான் தங்க வேண்டும். 24 பல் பிளேடில் பள்ளம் அகலமும் ஆழமுமாக இருக்கும். 80 பல் பிளேடில் அது மிகச் சிறியது என்பதால், தூள் அதற்குள் இறுகிப்போகிறது. தட்டு சூடேறி, விரிந்து, ஆடத் தொடங்குகிறது. ஆடும் தட்டு வெட்டின் இரு பக்கத்தையும் உரசி மேலும் சூடாகிறது. தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு இருப்பதால், அந்தச் சூட்டில் அது உருகிப் பல்லின் மேல் படிந்துவிடும். எனவே நெடுக்கு வெட்டுக்கு 24 பல், தட்டை நுனி, 20 பாகை அளவுக்கு முன்சாய்வு: இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

[காட்சி: 80 பல் பிளேடின் பற்கள், மிக அருகில். ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமும் சாய்ந்திருப்பது தெரிகிறது.]

ஆனால் இதே 80 பல் பிளேடு குறுக்கு வெட்டில் கொடுக்கும் முகத்தைப் பாருங்கள்! கதவுச் சட்டத்தின் முனையில் ஒரு நார்கூடப் பிசிறவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துத் தீட்டிய பற்கள் இரு விளிம்பிலும் நாரை முதலில் கீறிவிடுவதால், நடுவில் உள்ளது அலுங்காமல் வந்துவிடுகிறது. குறுக்கு வெட்டுக்கு 60 முதல் 80 பல், 10 முதல் 15 பாகை முன்சாய்வு என்பது நல்ல தேர்வு. துண்டு போடும்போது ஃபென்ஸையும் (பிளேடுக்கு இணையாக நிற்கும் வழிகாட்டிச் சட்டம்) மைட்டர் கேஜையும் (பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் பிடி) ஒரே நேரத்தில் பிடிமானமாகப் பயன்படுத்தாதீர்கள். அறுந்த துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கினால், உங்களை நோக்கி எகிறி வரும்.

இரண்டையும் ஒரே பிளேடில் செய்ய விரும்புபவர்களுக்கு 40 பல்லும் 50 பல்லும் உண்டு. 50 பல் பிளேடில் நான்கு சாய்ந்த பல்லுக்கு ஒரு தட்டைப் பல் என ஐந்து ஐந்தாகப் பத்துக் குழுக்கள் இருக்கும். குழுவுக்குக் குழு ஆழமான பள்ளம் ஒன்று இருக்கும். மேசை, நாற்காலி என்று கலந்து வேலை செய்பவருக்கு இது போதும். நாள் முழுவதும் சட்டம் கிழிப்பவருக்குப் போதாது.

[காட்சி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. கடை வாசலில் அடுக்கியுள்ள பழைய நிலைகள், தூண்கள், சன்னல் சட்டங்கள்.]

இனி, நம் ஊருக்கே உரிய சிக்கலைப் பேசுவோம். இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேக்கு, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் தூணாக, உத்திரமாக, நிலையாக நின்றது. அந்த வீடுகளில் சில பிரிக்கப்படும்போது, மரம் இந்தத் தெருவுக்கு வருகிறது. இங்கிருந்து பட்டறைகளுக்குப் போகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து முறுக்கேறி நிலைத்துவிட்ட அந்த மரத்துக்கு இணையான புது மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அதன்மேல் பிளேடை வைப்பதற்கு முன்பு மிகுந்த கவனம் வேண்டும்.

முதல் எதிரி ஆணி. தலை உடைந்து உள்ளே தங்கிவிட்ட ஆணி வெளியே தெரியாது; ஆனால் அது இருக்கும் இடத்தில் துரு ஊறிய கறுப்புப் புள்ளி ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

[காட்சி: பழைய உத்திரத்தின் மேற்பரப்பில் மிளகளவு கறுப்புப் புள்ளி. உளியால் சுற்றிலும் சீவியபின், ஆணியின் முனை தெரிகிறது.]

இதோ, இந்தப் புள்ளியைப் பாருங்கள். கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. உளியால் நூலளவு சீவியதும் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. கார்பைடு மிகக் கடினமானது என்றாலும் எஃகைப் போல நெகிழ்வு அதற்குக் கிடையாது. ஆணியில் மோதினால் நுனி சில்லு சில்லாக உடைந்து, அந்தச் சில்லு முகத்தை நோக்கித் தெறிக்கும். வலுவான காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால், மேலோட்டமாக உள்ள இரும்பு தெரிந்துவிடும். ஆழத்தில் இருப்பதைக் கையடக்க உலோகம் காட்டும் கருவியால் நான்கு பக்கமும் தேட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பழைய மரத்தை அறுக்கவே கூடாது.

இரண்டாவது எதிரி, மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் மணலும் பழைய பெயின்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிய பிறகே ரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். தேக்கின் உள்ளேயே சிலிக்கா இருக்கிறது. எஃகுப் பல் அதனால்தான் தேக்கில் விரைவாக மழுங்குகிறது. அதன் மேல் மணலும் சேர்ந்தால் கார்பைடுகூட நீண்ட நாள் தாங்காது.

மூன்றாவது, கோணல். பழைய உத்திரம் எங்கேனும் சற்று வளைந்தோ முறுகியோ இருக்கும். ஒரு முகத்தையும் ஓர் ஓரத்தையும் இழைத்து நேராக்காமல் டேபிள் ரம்பத்தில் தள்ளினால், அது நடுவழியில் ஆடி, பிளேடைக் கவ்விக்கொண்டு, முழு வேகத்தோடு திரும்பி வரும். உத்திரம் பெரிதாக இருந்தால், மரவாடியில் பட்டை ரம்பத்தில் பலகையாக்கிக்கொண்டு வருவதே நல்லது.

இத்தனையும் செய்த பிறகும், முதல் வெட்டுக்குப் புது பிளேடை மாட்டாதீர்கள். தீட்டித் தீட்டிப் பழையதாகிவிட்ட 24 பல் பிளேடு ஒன்றைத் தீட்டி, இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். வெளித்தோலை அது அறுக்கட்டும். உள்ளே சுத்தமான மரம் தெரிந்த பிறகு நல்ல பிளேடை மாட்டுங்கள். உடைந்த பல்லை மட்டும் மாற்றிப் பற்றவைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், ஒரு பல் போனதற்காக முழு பிளேடையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

[காட்சி: இரண்டு காடிகளின் குறுக்குவெட்டு.]

கதவுச் சட்டத்தில் பலகை உட்கார எடுக்கும் காடிக்கும் அதே 24 பல் தட்டை நுனி பிளேடுதான் பொருந்தும். சாய்ந்த பல் எடுத்த காடியின் அடி, இரு மூலையிலும் கீறி நடுவில் மேடாக நிற்கிறது. தட்டைப் பல் எடுத்ததன் அடி மட்டமாக இருக்கிறது. 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டும் பிளேடை இரண்டு முறை, சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு ஓட்டினால், 6 மில்லிமீட்டர் காடி அழகாக அமைந்துவிடும்.

சன்மைக்கா ஒட்டிய பலகைக்கும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கும் வேறு பல் வேண்டும்: இரு மூலையும் சீவிய பல் ஒன்று, அதையடுத்துத் தட்டைப் பல் ஒன்று என்று மாறிமாறி வரும் 60 அல்லது 80 பல் பிளேடு. வெறும் பிளைவுட் என்றால் குறுக்கு வெட்டு பிளேடே போதும். டேபிள் ரம்பத்தில் நல்ல முகம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் ரம்பத்தில் பல் கீழிருந்து மேலே வருவதால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும்.

வெட்டின் தடிமனையும் பாருங்கள். சாதாரண பிளேடு 3.2 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது, மெல்லிய பிளேடு 2.4 மில்லிமீட்டர். ஒரு பலகையில் பத்து வெட்டு போட்டால் 8 மில்லிமீட்டர் பர்மா தேக்கு மிச்சமாகிறது. மோட்டாருக்கும் பாரம் குறைகிறது. ஆனால் மெல்லிய பிளேடுக்கு மாறும்போது, பிளேடின் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் தகட்டையும் சரிபார்க்க வேண்டும். அது பிளேடின் தட்டைவிடத் தடிமனாகவும், வெட்டின் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வெட்டைவிடத் தடித்திருந்தால் பலகை பாதியில் சிக்கி நின்றுவிடும். அந்தத் தகட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே எடுத்து மாட்டுங்கள். அறுந்த மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதுதான்.

[காட்சி: பழுப்புப் பிசின் படிந்த பிளேடு, அகலமான தட்டில் ஊறுகிறது.]

பிளேடு மழுங்கிவிட்டது என்று தீட்டக் கொடுப்பதற்கு முன்பு, அதைக் கழுவிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துச் சற்று நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால், தேக்குப் பிசின் கரைந்துவிடும். உடனே துடைத்துக் காயவைத்து, துளி எண்ணெய் தடவுங்கள். மழுக்கம் என்று நினைத்தது பல நேரங்களில் வெறும் பிசினாகவே இருக்கும்.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், தேக்கு வேலை செய்பவர் நல்ல 24 பல் பிளேடில் பணத்தைப் போடுங்கள், அடுத்து 60 பல் வாங்குங்கள் என்பேன். 80 பல் பிளேடுக்கு அவசரமில்லை. கடைக்குப் போகுமுன் உங்கள் ரம்பத்தின் ஷாஃப்ட் 25.4 மில்லிமீட்டரா, 30 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளுங்கள். பெரிய துளை உள்ள பிளேடை அதற்குரிய வளையம் போடாமல் மாட்டவே கூடாது. பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, உங்கள் ரம்பத்தின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும், நீங்கள் அறுக்கும் மரத்தின் பெயரையும் கீழே எழுதுங்கள். எந்தப் பல் பொருந்தும் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.