வான்கோழி யாரையும் பாத்து ஆடல

வணக்கம். இந்த ஸ்டூடியோவுல பேச பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, வான்கோழின்னு ஆரம்பிச்சா உனக்கு அது எங்க போதும்னு என் வீட்டுக்காரர் காலைலயே கிண்டல் பண்ணிட்டாரு. பாப்போம்.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் மாநிலத்தோட மேற்கு ஓரம், பெர்க்‌ஷயர் மலைப்பக்கம். வீட்டுக்கு வீடு நல்ல தூரம், நடுவுல ஓக் மரக்காடு. நான் சொல்றது பண்ணைல வளக்கற வெள்ளை வான்கோழி இல்லீங்க, காட்டு வான்கோழி. வெயில் பட்டா தேய்ச்சு வெச்ச செம்புக் குடம் மாதிரி மின்னும். கோழிதானே, எங்க பறக்கப்போகுதுன்னு நெனச்சிருந்தேன், வந்த புதுசுல ஒரு சாயங்காலம் ஒவ்வொண்ணா படபடன்னு எழும்பி உச்சாணிக் கொம்புல போய் ஒக்காந்துச்சு பாருங்க, கைல இருந்த காபி ஆறியே போச்சு. ராத்திரி தூக்கம் மரத்து மேலதான்.

இந்த மாநிலத்துல 1851ஓட இந்தப் பறவை சுத்தமா இல்லாமப் போயிடுச்சு. காட்டை வெட்டி வயலாக்கினாங்க, மிச்சம் இருந்ததை சுட்டுத் தின்னாங்க. அப்புறம் 1970கள் ஆரம்பத்துல நியூயார்க் பக்கத்துலேர்ந்து 37 பறவையப் பிடிச்சிட்டு வந்து எங்க பியர்டவுன் காட்டுல விட்டாங்க. வெறும் 37! இன்னைக்கு மாநிலம் பூரா 30,000 பக்கம் இருக்கு. அதுல பாதி எங்க வாசல்லதான் நிக்குதுன்னு எனக்கு சந்தேகம்.

சரி, எங்க கார் கதை ஒண்ணு சொல்றேன். ஒரு ஏப்ரல் மாசம், காலைல ஆறு மணி, வாசல்ல டொக்கு டொக்குன்னு சத்தம். "என்னங்க, யாரோ கதவத் தட்றாங்க"ன்னு எழுப்பி விட்டேன். போய்ப் பாத்தா ஒரு சேவல், எங்க கருப்பு கார் கதவுல தெரியற தன் நிழலோட சண்டை போட்டுட்டு இருக்கு! கொத்துது, பின்னாடி போகுது, தலைய சாச்சுப் பாக்குது, எதிராளி இன்னும் அங்கயே நிக்கறானேன்னு மறுபடி கொத்துது. என் பழைய சுங்குடிச் சேலைய எடுத்து கார் மேல போத்தினேன், உடனே அது அந்தப் பக்கம் சுத்திப் போய் வீல் கப்புல ஆரம்பிச்சுது. அன்னைக்கு ஆபீஸ் போன வண்டில நாலு கோடு, இன்னும் இருக்கு.

இதுக்கு கோழிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. தெருவுல ஒருத்தர் தினமும் மக்காச்சோளம் போட்டுப் பழக்கிட்டாரு. இதுங்களுக்குள்ள யாரு பெரியவன் யாரு சின்னவன்னு ஒரு வரிசை உண்டு, மனுஷங்களப் பாத்து பயம் போயிட்டா நம்மளயும் அந்த வரிசைல சேத்துடும். தபால்காரர் கடைசில சேந்தாரு போல, குடையும் கையுமாத்தான் இறங்குவாரு. பயந்து ஓடாதீங்க, தொடப்பக்கட்டைய எடுத்து சத்தம் போட்டு விரட்டுங்க, தண்ணி பைப்பத் திருப்புங்க. முக்கியமா தீனி போடாதீங்க. மறுபடி சொல்றேன், தீனி போடாதீங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். கான மயில் ஆடுறதப் பாத்து வான்கோழியும் ஆடுச்சாம்னு நாம படிச்சோமில்ல? இந்தப் பறவை அமெரிக்கக் காட்டுல பொறந்தது, கொலம்பஸுக்கு அப்புறந்தான் கடல் தாண்டுச்சு. எங்க தெரு சேவலுக்கு மயில்னா என்னன்னே தெரியாது! ஆனா ஆடுது. வால விசிறியா விரிச்சு, றெக்கைய தரைல உரசிக்கிட்டு, தலை செவப்பு, நீலம், வெள்ளைன்னு மாறும். பல தடவை அண்ணன் தம்பிங்க சேர்ந்து ஆடும், பெட்டை கெடைக்கறது பெரியவனுக்கு மட்டும். தம்பி சும்மா பக்கவாத்தியம். நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல பாத்ததில்லையா?

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டறாங்க. குஞ்சுங்களப் பத்தி சொல்லவே இல்லயே. சுருக்கமா, 28 நாள் அடைகாக்கும், பொரிஞ்ச குஞ்சுக்கு முதல் ரெண்டு வாரம் மரம் ஏற முடியாது, தாய் றெக்கைக்கு அடில தரைலதான் தூக்கம், நரி கொண்டு போறதெல்லாம் அப்பதான். தோட்டத்த நாசம் பண்ணுதுங்கற பழியும் பேசணும்னு வந்தேன், பல நேரம் அது மானு, அணில் வேலை... சரி சரி, முடிச்சுக்கறேன். ஜூன் மாசம் ஒரு பெட்டை ரோட்டக் கடந்துச்சுன்னா உடனே வண்டிய எடுக்காதீங்க, பின்னாடி குஞ்சுங்க வரிசையா வரும்.