ஏறிக் குதித்துக் காட்டிய மண் வளைவு

நண்பர்களே, நம்மைப் போன்ற கட்டடக் கலைஞர்கள் ஒரு கிராமத்துக்குப் போனதும் வரைபடத்தை விரிக்கிறோம். ஊர்க்காரர்கள் தலையாட்டுகிறார்கள். ‘மக்கள் பங்கேற்புடன்’ என்று அறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். நானும் எழுதியவன்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டில் காண்டோ என்றொரு ஊர். அந்த ஊரிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை, ஊர்த்தலைவரின் மகன் பிரான்சிஸ் கேரே. பிறகு பெர்லினில் கட்டடக்கலை படித்தார். பட்டம் வாங்குவதற்கு முன்பே பணம் திரட்டி, சொந்த ஊரில் பள்ளி கட்ட வந்துவிட்டார்.

மண்ணால் கட்டலாம் என்றதும் ஊரே முகம் சுளித்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண்சுவர் கரைவதைப் பார்த்தவர்கள் அவர்கள். இதற்கா ஐரோப்பா வரை போய்ப் படித்தாய் என்று கேட்டால் தப்பா? வரைபடம் காட்டியும் பயனில்லை, பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அதனால் கேரே ஒரு மண் வளைவைக் கட்டினார். அதன்மேல் ஆட்களை ஏற்றிக் குதிக்க வைத்தார். வளைவு அசையவில்லை. அப்புறம்தான் வேலை நடந்தது.

கொஞ்சம் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திய மண் கற்களை ஊர்க்காரர்களே செய்தார்கள். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள். தரையைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மணிக்கணக்கில் தட்டி இறுக்கினார்கள், பிறகு கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். சுண்ணாம்பு போட்டு மொட்டைமாடித் தளம் அடித்ததைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருந்தால், அந்தச் சத்தம் இப்போது காதில் விழும்.

கூரைதான் எனக்குப் பிடித்த இடம். தகரத்தைச் சுவர்மேல் நேரே வைத்தால் வகுப்பறை அடுப்பாகிவிடும். ஆகவே சாதாரணக் கட்டுமானக் கம்பிகளை வெட்டி வெல்டிங் செய்து, தகரத்தைத் தனியே உயரத் தூக்கினார்கள். கீழே மண்கல் உட்கூரை, இரண்டுக்கும் நடுவில் காற்று. சூடு மேலே போய்விடும், மின்விசிறி வேண்டாம்.

2001-இல் பள்ளி முடிந்தது. 2004-இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது, 2022-இல் கேரேக்குக் கட்டடக்கலையின் மிக உயரிய பரிசாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு. சரி, விருதை விடுங்கள். அங்கே வேலை கற்ற இளைஞர்கள் இன்று வேறு இடங்களிலும் கூலிக்குக் கட்டுகிறார்கள்.

சிறுவயதில் விடுமுறை முடிந்து கிளம்பும்போதெல்லாம், ஊர்ப் பெண்கள் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசையும் கேரேயின் கையில் திணிப்பார்களாம். ஏன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நீ படித்துத் திரும்பி வந்து ஊருக்கு ஏதாவது செய்வாய் என்றுதான், என்றாராம் அம்மா.