அரண்டவன் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெஞ்சக நோய் மருத்துவர் அம்மா அவர்களே, இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, இந்த அரங்குக்கு மின்விசிறி வாங்கித் தந்த ஊராட்சித் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நுரையீரல் சுருங்கிப்போனவர்களின் மனசைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். அவர்களுடைய பயம், சிகரெட், வார்டில் ஒரு மனநல ஆலோசகர்.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே காற்று புகுந்து நுரையீரலை அமுக்கிவிடும் நோய் இது; நியூமோதோராக்ஸ் என்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே பிரெஞ்சு மருத்துவர் லேனெக், அவர் 1819-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். அடிபடாமலே வருவதும் உண்டு. பெரும்பாலும் ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்கு.

என் தங்கை மகன் அப்படித்தான். ஆறடி, 22 வயது. ஒரு ராத்திரி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, நெஞ்சு குத்துது" என்றான். ஒரு மருத்துவமனையில் "பரீட்சை டென்ஷன்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தால், வலது நுரையீரலில் பாதியைக் காணோம்! விலாவில் குழாய் போட்டு, மறுமுனையைத் தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்கள். இருமினால் குமிழி வரும். நாலு நாள் அந்தப் பாட்டிலையே பார்த்துக் கிடந்தான். அம்மா இட்லி ஊட்டினால் கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பான். "மாமா, இப்ப மூணுதான் வந்துச்சு" என்பான். ஐந்தாம் நாள் ஒரு செவிலியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "குமிழி குறையுதுன்னா உள்ளே ஓட்டை அடைபடுதுப்பா" என்றார். அன்றைக்குத்தான் பிள்ளை கண் அசந்தான்.

அப்புறம் வீட்டுக்கு வந்தும் குடம் தூக்க மாட்டான், சத்தமாகச் சிரிக்க மாட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஒருமுறை வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது. மூச்சிறைப்பு, நெஞ்சுக் குத்தல், படபடப்பு எல்லாம் பதற்றத்திலும் வரும், நுரையீரல் சுருங்கினாலும் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எது எதுவென்று அவன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்? "சுபாவமே பயம்" என்று முடிவுகட்டும் முன், எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

சரி, சிகரெட். பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். விட்டுவிடுங்கள்.

நெஞ்சக நோய் வார்டு ஒவ்வொன்றிலும் ஒரு மனநல ஆலோசகர் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுவருகிறோம். 2022-இல் தொடங்கிய டெலி மனஸ், அதாவது 14416-க்கு போன் போட்டால் மனநல ஆலோசனை தரும் அரசுத் திட்டம், நல்ல சேவை, இலவசம். ஆனால் விலாவில் குழாயோடு படுத்திருப்பவன் போன் போடவா போகிறான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், விளக்கோடு ஒருவர் பக்கத்தில் போக வேண்டாமா?

வாசலில் மனு இருக்கிறது. மருத்துவர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவோடு நிற்கும் ஆறடிப் பையன் என் தங்கை மகன்தான்.