பலகையில் கட்டிய கேமரா

நண்பர்களே, நாம் இப்போது பார்த்து முடித்த 'தி ஈவில் டெட்' 1981-இல் டெட்ராய்ட் நகரத்தின் ரெட்ஃபோர்டு தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம். கதை ஒன்றும் பெரிதில்லை. ஐந்து இளைஞர்கள் காட்டு வீடு ஒன்றில் தங்கப் போகிறார்கள். நிலவறையில் கிடைத்த டேப்பை ஓடவிட்டுக் கேட்கிறார்கள். காட்டில் உறங்கிக் கிடந்த தீய சக்தி விழித்துக்கொள்கிறது.

நான் பேச வந்தது அந்தச் சக்தியைப் பற்றித்தான். காட்டுக்குள் சீறிவரும் அதன் உருவம் நம் கண்ணில் படுவதே இல்லை. அதன் கண்ணாகவே நாம் ஓடுகிறோம். சருகுகளை உரசிக்கொண்டு, தரையோடு தரையாகப் பாய்கிறோம். பெரிய ஸ்டுடியோவாக இருந்தால், ஆள் ஓடினாலும் கேமரா குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் என்ற கருவியை வாடகைக்கு எடுத்திருக்கும். இந்தப் படக்குழுவிடம் அதற்குக் காசில்லை. நீளமான மரப்பலகையின் நடுவில் கேமராவை இறுக்கிப் பொருத்தினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடுகிறவர்களின் குலுக்கம் நடுவுக்கு வருவதற்குள் பாதி அடங்கிவிடும். அகன்ற பரப்பைக் காட்டும் வைட் ஆங்கிள் லென்ஸ் மிச்சக் குலுக்கத்தை மறைத்து, வேகத்தைக் கூட்டிக் காட்டும். ஸ்டெடிகேம் வழுக்கிக்கொண்டு போகும்; அதில் இந்த வெறி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இது மனிதனின் ஓட்டம் போலவும் இல்லை, மிருகத்தின் ஓட்டம் போலவும் இல்லை. அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது. கடைசி ஷாட்டில் அது வீட்டுக்குள் புகுந்து, கதவுகளைத் தள்ளிக்கொண்டு வந்து, தப்பிவிட்டதாக நினைத்த நாயகன் ஆஷின் முகத்தில் மோதும்போது அரங்கமே அலறியதே!

1979 குளிர்காலத்தில், டென்னசி மாநிலத்து மோரிஸ்டவுன் அருகே படப்பிடிப்பு தொடங்கியபோது இயக்குநர் சாம் ரைமிக்கு 20 வயது. தயாரிப்பாளர் ராபர்ட் டேப்பர்ட்டும் நடிகர் புரூஸ் காம்ப்பெல்லும் அவருடைய மிச்சிகன் நண்பர்கள். முதலில் ஒரு குறும்படம் எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் முதலீடு திரட்டினார்கள். செலவு மிச்சமாகட்டும் என்று 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்து, பிறகு 35 எம்.எம். அளவுக்குப் பெரிதாக்கினார்கள். ரத்தம் என்று நாம் பார்த்தது சோளப்பாகில் சாயம் கலந்தது. பேய் பிடித்த பெண்களாக நடித்தவர்கள் கண்ணை மூடிய தடித்த காண்டாக்ட் லென்ஸோடு, எதிரே இருப்பது தெரியாமலே நடித்தார்கள். இந்தப் படத்தைப் புகழ்கிறவர்கள் அவர்களையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

மரக்கிளைகள் ஒரு பெண்ணைச் சீரழிக்கும் காட்சியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பயத்துக்கு அது தேவையே இல்லை. ரைமியே பின்னாளில் அதற்காக வருந்தியிருக்கிறார். உங்களில் சிலர் மாற்றுக் கருத்து வைத்திருப்பீர்கள். சரி, இனி நீங்கள் பேசுங்கள்.