மிசிசிப்பி பிறக்கும் காடு: இட்டாஸ்கா பூங்காவின் கதை

[திரையில்: ஏரியின் வட முனை, வரிசையாகக் கற்கள்]

வணக்கம். இது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெரிய ஊர்களை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கும் இட்டாஸ்கா ஏரி. கற்களுக்கு இடையே வழிந்து ஓடும் தண்ணீரைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் மிசிசிப்பி ஆறு! இங்கிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 2,552 மைல் என்று பக்கத்து மரத்தூணில் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கற்கள் தானாக அமைந்தவை அல்ல. 1930களில், பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்தது. சேறும் சதுப்புமாகக் கிடந்த இந்த இடத்தில் புதிதாக வாய்க்கால் வெட்டி, கற்களை அடுக்கியது அந்தத் திட்டத்தில்தான். இந்தப் பூங்காவில் எங்கே பார்த்தாலும் மனிதர்களின் கைவேலை தெரியும். எனக்கு இந்த இடம் இவ்வளவு பிடிக்க அதுவே காரணம்.

இங்கே மனிதர்களின் தடம் மிகப் பழையது. 1937இல் சாலை போடும்போது நிக்கோலெட் ஓடைப் பக்கம் எலும்புகள் கிடைத்தன. 1960களில் முறையாகத் தோண்டியபோது விஷயம் தெரிந்தது: சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு வேட்டைக்காரர்கள் இங்கே காட்டெருமைகளை மடக்கிக் கொன்றிருக்கிறார்கள். அந்த எருமை இனமே இன்று இல்லை.

1832இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடி வந்தார். வழி தெரிந்து அவரைக் கூட்டி வந்தவர் ஓசாவிந்திப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் மரக் கம்பெனிகள் வந்தன. நில அளவைக்கு வந்த ஜேக்கப் பிரோவர், பைன் காடு போய்விடுமே என்று பதறிப் போராடினார். 1891இல் பூங்காச் சட்டம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஆற்றில் மிதக்கும் மரங்கள்]

1903இல் பூங்கா ஆணையராக இருந்த அப்பா இறந்துபோக, மேரி கிப்ஸ் அந்தப் பொறுப்புக்கு வந்தார். வயது 24. வெட்டிய மரங்களை மிதக்கவிட ஒரு கம்பெனி அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருந்தது. ஏரிக்கரை மரங்கள் மூழ்கின. மதகைத் திறக்கச் சொல்லி மேரி நேரில் போனார். தொட்டால் சுடுவோம் என்று ஆயுதத்தோடு மிரட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை, மதகில் கை வைத்தார். சில மாதங்களில் பதவியை விட்டாலும், ஆற்றின் பிறப்பிடத்தில் இருக்கும் பார்வையாளர் மையம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, வெட்டு நின்றதும் காடு தழைத்ததா? அங்கேதான் சிக்கல். செம்பைன் மரத்துக்கு அவ்வப்போது தரைத்தீ வேண்டும். தீ சருகை எரித்து மண்ணை வெறுமையாக்கினால்தான் விதை நன்றாக முளைக்கும்; முதிர்ந்த மரத்தைத் தடித்த பட்டை காப்பாற்றும். காப்பதாக நினைத்துத் தீயை அணைத்தார்கள், மான் வேட்டையையும் தடுத்தார்கள். மான்கள் பெருகி, முளைத்த கன்றுகளையும் கடித்துவிட்டன. 1940களில் மான் வேட்டையை மறுபடி அனுமதிக்க வேண்டியதாயிற்று. இப்போது வனத்துறையினர் திட்டமிட்டுத் தாங்களே தீ வைக்கிறார்கள்.

போனால் 'பிரீச்சர்ஸ் குரோவ்' பகுதிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே 200 வயது தாண்டிய செம்பைன்கள் நிற்கின்றன. காட்டில் அடிப்பகுதி கருகிய மரம் கண்ணில் பட்டால், யாரோ நாசம் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.